பாலாடைக் கஞ்சி

மலையில் கண் வைத்தியம் பார்க்கும் தரும சங்கத்தில் தொண்டனாகச் சேரப் போகிறேன் என்று சொன்னபோது, நைனா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசினார்.

"அங்க போய் இன்னா பண்ணுவ?"

"ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஒத்தாசை. கஞ்சி குடுக்கறது, மூத்திரம் பீ எடுத்துக் கொட்டறது."

"அத்த நாங்க படிக்காமலே செஞ்சினு கீறோமே. அதுக்கு எதுக்குடா உன்ன எஸ்.எஸ்.எல்.சி. வரிக்கும் இஸ்கோலுக்கு அனுப்பனேன்?"

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். தாலுக்கா ஆபீசில் எழுத்தர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுப் பகலெல்லாம் வாசகசாலையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒருநாள் அந்தச் சங்கத்தார் வந்து பேசினார்கள். ஜவ்வாது மலையில் கண் தெரியாமல் மூலையில் கிடக்கிறவர்களுக்கு மலைமேலேயே ஆபரேஷன் செய்யப் போகிறோம், படித்த வாலிபர்கள் முன்வர வேண்டும் என்றார்கள். 'படித்த வாலிபர்கள்' என்றதும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

நைனாவுக்கு வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மாட்டுத்தோலைப் பலகையில் போட்டு, வளைந்த கத்தியால் மயிரையும் சதையையும் வழிக்கிற வேலை. ஷாப்பு முதலாளி சாயபுதான் சங்கத்துக்கு அரிசி மூட்டை கொடுக்கிறவர் என்பதைத் தெரிந்துகொண்டு நான் நைனாவை விடவில்லை. கடைசியில் அவரே போய்ச் சாயபுவிடம் கேட்டார். வந்து என்னிடம் சொன்னார்: "மவனுக்கு வேல வேணும்னு கேக்கறவன பாத்துகிறாரு. மவன் பீ அள்றதுக்கு சிபாரிசு கேட்டவன் நான் ஒருத்தன் தானாம். சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்."

சங்கத்தின் செயலாளர் அரிசி மில் வைத்திருந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். என்னைப் பார்த்ததும், "சாயபு சொல்லி அனுப்பினது நீதானா? அப்பா எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். தோல் ஷாப்பு என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேவையில உசத்தி தாழ்த்தி கெடையாது தம்பி. உனக்கு வாளி வேலை குடுக்கறேன். உங்களுக்கெல்லாம் அந்த நாத்தம் பழகியிருக்கும், முகம் சுளிக்க மாட்டீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் அன்று அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மாசி மாதம். மலையில் சாமை அறுப்பு முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு, பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டு, உள்ளே வைக்கோல் பரப்பிப் பாய் விரித்தார்கள். ஆண்களுக்கு ஒரு அறை, பெண்களுக்கு ஒரு அறை. தலைமையாசிரியர் அறையில் ஆபரேஷன். மலைக்காரர்கள் எல்லார் சமையலிலும் கை நனைக்க மாட்டார்கள் என்பதால், அவர்கள் சாப்பிடக்கூடிய சாதியில் ஒருவரைத் தேடிப் பிடித்துச் சமையலுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அந்தச் சமையற்காரர் யார், எந்த ஊர் என்பதைக் கிராமம் கிராமமாகப் போய்ச் சொன்ன பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண்ணை அவள் மகன் முதுகில் சுமந்துகொண்டு வந்தான். மேட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஊர். அவளுக்கு ஐம்பது இருக்கலாம். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு கண் அவித்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. டாக்டர் டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சின்ன வயசுலயே அம்மையில போன கண்ணு. இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. மத்ததுல புரை. எடுத்தா பார்வை வரும். இருக்கிறது இது ஒண்ணுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் தலையை அசைக்கக் கூடாது, புரியுதா? இருமக் கூடாது, தும்மக் கூடாது, மெல்லக் கூடாது. கட்டு அவிழ்க்கிற வரைக்கும் பொணம் மாதிரி கிடக்கணும். அசைஞ்சா புண்ணு பிரிஞ்சிடும், கண்ணு போயிடும்."

"பொணம் மாரி தான் சாமி இத்தினி நாளா கெடந்தேன்" என்றாள் அவள்.

மகன் அவளைப் பாயில் இறக்கிவிட்டு நிமிர்ந்தான். செயலாளரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஆனால் குரலைத் தாழ்த்தாமல் சொன்னான்: "எசமான், கண்ணு வந்தா இட்டுகினு போறேன். வரலன்னா நீங்களே வெச்சிக்குங்க. போன மாசம் எம் புள்ள மேல கொதிக்கிற கூழ ஊத்திடிச்சி. தெரியாம தான். இருந்தாலும் எம் பொண்டாட்டி இனிமே இது வூட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேங்கறா."

"வரும்டா, கண்ணு வரும்" என்றார் செயலாளர்.

"வந்தா சரி."

அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவன் போன பிறகு பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே, "எம் பேரனுக்கு எங்க சுட்டுச்சின்னு பாக்கணும்" என்றாள். "தொட்டுப் பாக்க வுட மாட்டறா அவ."

ஆபரேஷன் நடந்தது. எல்லாரையும் போல அவளுக்கும் இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பெண்கள் அறையில் ஒரு வரிசை, எல்லாருக்கும் வெள்ளைக் கட்டு. நான் கால்மாட்டுப் பக்கமாகவே போய் வாளியை எடுத்து வருவேன். ஓடைக்கு அப்பால் குழி வெட்டியிருந்தது. கொட்டி மண் போட்டு, வாளியைச் சாம்பல் வைத்துத் தேய்த்து, பினாயில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பேன். யாரும் என்னோடு பேசவில்லை. அது எனக்குக் குறையாகவும் படவில்லை. சேவை செய்கிறேன் என்ற நினைப்பே வயிற்றை நிரப்பியது.

தொண்டர்களில் ஒருவரை எல்லாரும் 'காலேஜ்' என்று கூப்பிட்டார்கள். செயலாளரின் மைத்துனர் மகன். வேலூரில் காலேஜில் சேர்ந்து பாதியில் வந்துவிட்டவர். கலகலப்பானவர். கண் கட்டிப் படுத்திருக்கிறவர்களிடம் விளையாடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு பெண் குரலில் பேசுவார். "நான் ஆரு சொல்லு?" என்பார். யாராவது தப்பாகச் சொன்னால் தொண்டர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் ஆண்கள் அறையில், "கலெக்டர் வந்திருக்காரு, எழுந்து கும்பிடு" என்று அதட்டினார். ஒரு கிழவர் பயந்து தலையைத் தூக்கிவிட்டார். டாக்டர் ஓடிவந்து கிழவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காலேஜைத் திட்டிய திட்டு பள்ளிக்கூடத்துக்கு வெளியே கேட்டது. கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் காலேஜுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதற்கிடையில் தொண்டர்களில் இரண்டு பேர் மலைக் காய்ச்சல் கண்டு கீழே இறங்கிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு ஊட்டுகிற வேலை அலுத்துவிட்டது. பெண்கள் அறையில் கஞ்சி ஆறிப்போய் இருந்ததைப் பார்த்து டாக்டருக்குக் கோபம் வந்தது. "யார் கை சும்மா இருக்கு?" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தவர், வாளியோடு நின்ற என்னைப் பார்த்தார். "நீ. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வா."

செயலாளர் அவரை ஓரமாக அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் குரலைத் தாழ்த்தவே இல்லை. "அதனால என்ன? அவங்க கண்ணைத்தான் கட்டியிருக்கே. யாருக்குத் தெரியப் போவுது?"

செயலாளர் என்னிடம் வந்தார். "யாராச்சும் கேட்டா கீழூர்னு மட்டும் சொல்லு. மேல வாயத் தொறக்காதே."

அப்படித்தான் என் கைக்குப் பாலாடை வந்தது. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அதே பாலாடைதான், கொஞ்சம் பெரிது. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, அதன் மூக்கை வாயோரத்தில் வைத்துச் சாய்க்க வேண்டும். ஒரு மடக்கு விழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகுதான் அடுத்த மடக்கு. அவசரப்பட்டால் புரையேறும், புரையேறினால் இருமல் வரும், இருமினால் கண் போய்விடும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. நான் ஊட்டியவர்களில் ஒருவருக்கும் புரையேறவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட்டேன் என்பதும் உண்மைதான்.

அந்தப் பெண் என்னைச் 'சாமி' என்றாள். கீழேயிருந்து வந்த சட்டைக்காரர்கள் எல்லாரும் அவளுக்குச் சாமிதான். "இந்த சாமி தான் பதனமா குடுக்குது. மத்தவங்க மாட்டுக்கு மருந்து குடுக்கற மாரி ஊத்தறாங்க" என்பாள். வரிசையில் இருந்த மற்றப் பெண்களும் ஆமாம் என்பார்கள். "உனுக்கு ஆயி கீதா சாமி?" என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன். "நல்லா வளத்துகிறா" என்றாள். நான் அடுத்த மடக்கைச் சாய்த்தேன்.

கட்டு அவிழ்க்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பகலில் செயலாளர் பெண்கள் அறையைச் சுற்றிப் பார்க்க வந்தார். கூடவே காலேஜ். நான் அந்தப் பெண்ணுக்குக் கஞ்சி கொடுத்து முடித்து, வாயைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருக்கே? சாப்பாடெல்லாம் சரியா குடுக்கறாங்களா?" என்றார் செயலாளர்.

"இந்த சாமி கையால குடுத்தா தான் எசமான் தொண்டையில எறங்குது. மவராசன். எந்த கோயிலுக்கு நேந்துகினு பெத்தாளோ."

காலேஜால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாமியா? ஆயா, உன் சாமி எந்தக் கோயில் சாமின்னு தெரியுமா உனுக்கு?"

"டேய், சும்மா இர்றா" என்றார் செயலாளர். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

"இல்ல மாமா, பாவம், ஆசையா கேக்குது. ஆயா, வாணியம்பாடி தோல் ஷாப்பு சாமி. அதோட நைனா மாட்டுத்தோலு சொரண்றாரு. காலையில வாளி கழுவும், மத்தியானம் கஞ்சி ஊட்டும்."

காலேஜ் சிரிப்பை எதிர்பார்த்து மற்றவர்களைப் பார்த்தார். கட்டுப் போட்ட முகங்களில் பார்க்க ஒன்றும் இல்லை.

அவள் கை மெல்ல மேலே வந்தது. கட்டைச் சரிசெய்யப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரலைத் தொண்டைக்குள் விட்டாள்.

"அசையாத!" என்று கத்திக்கொண்டு கையைப் பிடித்தேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாராவது கட்டின்மேல் கை வைத்தாலோ எழுந்தாலோ கையைப் பிடித்து அமுக்க வேண்டும்.

"தொடாத! தொடாத என்ன!" என்று அவள் திமிறினாள். மணல் பை ஒன்று உருண்டது. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடித்தாள். குடித்ததெல்லாம் குமட்டிக்கொண்டு வெளியே வந்தது. வயிறு காலியான பிறகும் அவள் நிறுத்தவில்லை. முந்தின நாள்களில் குடித்ததையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்பது போல ஓங்கரித்தாள். அவர்கள் ஊரில் இது தெரிந்தால் ஊர்க்கவுண்டர் தள்ளி வைத்துவிடுவார், தெண்டம் கட்டினாலும் சேர்த்துக்கொள்வார்களோ மாட்டார்களோ என்பது எனக்கும் தெரியும். அவள் தலை எவ்வளவு அசைகிறது என்பது மட்டும்தான் அப்போது எனக்குக் கண்ணில் பட்டது.

"ஏன்டா அத்த புடிச்ச?" என்றார் காலேஜ் என்னிடம்.

டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்தார், டார்ச்சு அடித்தார், திரும்பவும் கட்டினார். கை கழுவும்போது செயலாளரிடம், "முடிஞ்சுது. உள்ளே இருக்கிறது வெளியே வந்துடுச்சு" என்றார். "அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாதீங்க. ஒரு சர்க்கஸ் கம்பெனியைக் கூப்பிடுங்க."

இன்னும் ஒன்று நடந்தது. அந்த வரிசையில் படுத்திருந்த பெண்கள் எல்லாருக்கும் நான்தான் கஞ்சி கொடுத்தேன். காலேஜ் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். யாரும் விரலைத் தொண்டைக்குள் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, அசையாமல், கட்டுப் போட்ட முகம் கூரைப் பக்கமாகவே இருக்கச் சொன்னாள்: "எனுக்கு அந்த காலேஜு சாமி தான் ஊட்னாரு." பக்கத்தில் இருந்தவள், "எனுக்கும்" என்றாள். "கொரலு அவரு கொரலு தான்." வரிசையின் கடைசி வரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டு போனார்கள். நான் ஊட்டியது அந்த ஒருத்திக்கு மட்டும்தான் என்று அறை முடிவு செய்துவிட்டது. அவர்கள் எல்லாருக்கும் கண் வந்தது.

அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. செயலாளர் அப்படி உத்தரவு போட்டிருந்தார். "மலையில வெளிய தெரிஞ்சா அடுத்த வருஷம் ஒருத்தன் வர மாட்டான். அவ தலையெழுத்துன்னு விடுங்க. நீ வாளியோட நில்லு" என்றார் என்னிடம்.

கட்டு அவிழ்க்கிற காலையில் பள்ளிக்கூட வாசலில் பெஞ்சு போட்டு ஒவ்வொருவராக உட்கார வைத்தார்கள். கட்டை எடுத்ததும் ஒருத்தி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி, "இந்தக் கெழவனா எம் புருசன்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், கிழவனும்தான். அந்தப் பெண்ணின் முறை வந்தது. டாக்டர் கட்டை எடுத்துவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். அவள் இமையைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போய், ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்த தோலுக்கார பையன் கீறானா?" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். நான் போய் நின்றேன்.

"எம் மவன் இப்ப வருவான். வந்தா வெரல காட்டி எத்தினின்னு கேப்பான். எங்கூர்ல கண்ணு தெரியுதான்னு பாக்கறது அப்படித் தான். நீ பின்னால நின்னுகினு முதுவுல தட்டு. எத்தினி வெரலோ அத்தினி தட்டு."

"தொடலாமா?" என்றேன். எந்த அர்த்தத்தில் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சீலைக்கு மேல தட்டு. ஆரு பாக்கப் போறாங்க?"

"வேற யார்கிட்டயாவது..."

"அவங்க சிரிப்பாங்க. உன்னால தான போச்சி. நீ தான் தட்டணும்."

"வூட்டுக்குப் போனப்புறம் தெரிஞ்சிடுமே."

"வூடு எனுக்கு தெரியும். அடுப்பு எங்க கீது, கதவு எங்க கீது, எல்லாம் தெரியும். இவன் இங்கருந்து இட்டுகினு போனா போதும்."

மகன் வெயில் ஏறும்போது வந்தான். தலையில் புது முண்டாசு. கையில் ஒரு சீசா தேன், டாக்டருக்கு. வழியிலேயே கண் வந்தவர்களைப் பார்த்திருக்கிறான். முகமெல்லாம் சிரிப்பு. நான் அவளுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றேன். காலேஜும் இன்னும் சில தொண்டர்களும் பக்கத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யம்மா, என்ன தெரியுதா?"

"தெரியாம? எளச்சி போய்ட்டியே."

அவன் இரண்டு விரலைக் காட்டினான். தட்டினேன். "ரெண்டு" என்றாள். நாலு காட்டினான். "நாலு." அவன் வாய்விட்டுச் சிரித்தான். சின்னப் பையன் மாதிரி ஒற்றை விரலைக் காட்டினான், ஒளித்தான், மறுபடி காட்டினான். "ஒண்ணு. இன்னாடா வெளயாடற?" என்றாள். நானும் அவர்களோடு சேர்ந்து கிட்டத்தட்ட சிரித்துவிட்டேன். கண் வந்துவிட்டது போலவே இருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். "பின்னால நிக்கறது ஆரும்மா, சொல்லு பாக்கலாம்."

அவள் திரும்பக்கூட இல்லை. நன்றாகத் தெரிகிறவள் போல அலட்சியமாகச் சொன்னாள்: "அவனா? கீழூரு தோலுக்காரன். வாளி கழுவறவன். தள்ளி நிக்கச் சொல்லு, மேல பட்டுக்கப் போறான்."

மகன் முகம் மாறியது. காலேஜைப் பார்த்து, "நெசமா எசமான்?" என்றான். காலேஜ் தலையாட்டினார். அவன் என்னிடம், "அறிவில்ல? தள்ளி நில்லுடா" என்றான்.

தள்ளிப் போனேன். செருப்புக் காலில் சரளைக் கல் நெரிந்தது. அந்தச் சத்தம் விலகிப் போவதை அவளும் கேட்டிருப்பாள். அவள் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மகனுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சந்தோஷத்தில்தான் கேட்டான். தேன் சீசாவை அவள் முகத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "இது இன்னா சொல்லு?" என்றான்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். முதுகில் ஒன்றும் விழவில்லை.

"மூணு" என்றாள்.

காலேஜ்தான் முதலில் சிரித்தார். பிறகு சாமான் கட்டிக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். மகன் சீசாவை இறக்கினான். அவள் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தான். அவள் இமைக்கவில்லை. என்னைப் பார்த்தான், அவள் முதுகைப் பார்த்தான், புரிந்துகொண்டான். "அவன் ஏம்மா உன்ன தொட்டான்?" என்று கேட்டான். முண்டாசை அவிழ்த்துத் தேன் சீசாவை அதில் முடிந்துகொண்டு, வந்த வழியே நடந்தான்.

"வெய்யில்ல கண்ணு கூசுதுடா" என்றாள் அவள். "டாக்டரு சொன்னாரு, கொஞ்ச நாளிக்கு அப்படித் தான் இருக்குமாம். அப்பறம் சுத்தமா தெரிஞ்சிடும். நான் புள்ளைய தூக்க மாட்டேன். அடுப்பாண்ட போவ மாட்டேன். மாட்டுக் கொட்டாயில ஓரமா படுத்துக்கறேன். தம்பி, கேக்குதா? உம் பொண்டாட்டி கையில சொல்லு. சாமை பொடைக்கறதுக்கு கண்ணு எதுக்கு, கை போதும்..."

பேசிக்கொண்டே இருந்தாள். அவன் மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டான். அதை அவளிடம் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் காலேஜ்தான் சொன்னார், கொஞ்சம் இரக்கத்தோடுதான்: "ஆயா, அவன் போயி எவ்ளோ நேரமாச்சி."

செயலாளர் அவளை என்ன செய்வது என்று ரொம்ப நேரம் யோசித்தார். பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. மலையில் வேறு யாரும் ஏற்க மாட்டார்கள். கீழே டவுனில் திக்கற்றவர்களுக்கு ஒரு விடுதி இருந்தது. சந்தைக்கு வந்த லாரி ஒன்று கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கப் போகிறது, அதில் அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. கூட யார் போவது என்ற கேள்வி வந்தபோது எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது.

செயலாளர் என் தோளைத் தட்டினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைத் தொட்டார். "தொண்டனாகணும்னுதானே வந்தே? கூட்டிட்டுப் போ. இனிமே அவ உன் பொறுப்பு. அங்க வாரம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு எனக்கு வந்து சொல்லு. உன்ன இன்னைக்கே சங்கத்துல சேத்துக்கிட்டதா வெச்சிக்க."

அப்படித்தான் நான் சங்கத்தில் சேர்ந்தேன்.

கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவில் அவளை உட்கார வைத்தேன். நானும் ஏறிக்கொண்டேன். புதிதாக வெட்டிய மண் ரோடு. வளைவு வளைவாக இறங்கியது. அவள் வாழ்நாளில் மலையை விட்டு இறங்கியதில்லையாம். லாரி சாயும்போதெல்லாம் மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டாள். என் கை பக்கத்திலேயே இருந்தது. அதைப் பிடிக்கவில்லை. கஞ்சி வேண்டுமா என்று காலையிலிருந்து யார் கேட்டாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பாதி வழியில் ஓடைப் பக்கமாக லாரியை நிறுத்தி, டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் இறங்கித் தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு வந்தேன்.

"தண்ணி" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

"ஊத்து" என்றாள். "இனிமே எந்த ஊர்க்கவுண்டன் எங்கையில தெண்டம் கேக்கப் போறான்?"

ஊற்றினேன். குடித்தாள். மூக்கில் ஏறி இருமினாள். இப்போது இருமினால் ஒன்றும் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கி நீ எங்கைய புடிக்காம இருந்திருந்தா வாந்தியோட போயிருக்கும். கண்ணு இருந்திருக்கும். உன்ன ஆரு புடிக்கச் சொன்னது?"

குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் கீழே மூடியைத் திருகும் சத்தம் மட்டும் கேட்டது.

"கீறியா, நீயும் பூட்டியா?"

"இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று கையை நீட்டினாள்.